கேசட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்

பழைய டேப் கேமராவைத் தூக்கிக்கொண்டு தைப்பூசத்துக்கு வடலூர் வரும் தம்பி, தங்கைகளுக்கு,

நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்தும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்தும், கடலூர்ப் பக்கமிருந்தும் நீங்கள் வருவதைச் சில வருஷங்களாகப் பார்க்கிறேன். கையில் சோனி ஹேண்டிகேம். அப்பா கல்ஃபிலிருந்து வாங்கி வந்தது, பீரோவில் தூங்கியது, இல்லாவிட்டால் பழைய சாமான் கடையில் பேரம் பேசி எடுத்தது. செல்போனில் எடுத்தால் எல்லாம் துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது, டேப்பில்தான் ஒரு நிறம் இருக்கிறது என்று உங்களில் ஒருவர் டீக்கடையில் சொன்னார். நான் சிரிக்கவில்லை. இந்த ஊர்க் கல்யாணங்களையும் காதுகுத்துகளையும் டேப்பில் எடுத்துப் பிழைத்தவன் நான். அந்த நிறம் எனக்கும் பிடிக்கும்.

ஆனால் போன தைப்பூசத்தில் ஒன்று கண்ணில் பட்டது. சத்திய ஞான சபையைச் சுற்றியிருக்கும் பெருவெளியில் ஒரு தம்பி கேசட்டை மாற்றினார். பையிலிருந்து எடுத்த கேசட்டின் முதுகில் பால்பாயிண்டில் ஏதோ ஒரு வீட்டின் கிரகப்பிரவேசம் என்று எழுதியிருந்தது. யாருடையது என்று கேட்டேன். பழைய கேசட் பத்துப் பதினைந்தை மொத்தமாக வாங்கினாராம், புதுசு கிடைப்பதில்லையாம். அதற்குள் கூட்டம் நகர்ந்துவிட்டது, அவரும் போய்விட்டார். அவர் போனது அந்த வீட்டின் மேல் ஜோதி தரிசனத்தை எடுக்க. இந்தக் கடிதத்தை எழுதவைத்தது அதுதான்.

டேப் கேமராவில் பதிவது என்றால் அழிப்பது. உங்கள் போனில் ஒரு வீடியோவை அழித்தால் குப்பைத்தொட்டியில் கிடக்கும். மெமரி கார்டில் அழித்ததைக்கூட மென்பொருள் போட்டு மீட்கப் பார்க்கலாம். டேப்பில் அந்தப் பேச்சே கிடையாது. வி.எச்.எஸ்.ஸில் அழிக்கும் ஹெட் முன்னால் ஓடித் துடைத்துக்கொண்டே போகும். மினி டிவி என்று நாங்கள் சொல்லும் சின்னக் கேசட்டில் புதிய தடம் பழைய தடத்தின் மேலேயே எழுதப்படும். சிவப்புப் பொத்தானை நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விநாடியும் அதே இடத்தில் முன்பு இருந்த ஒரு விநாடி போகிறது. போனது போனதுதான்.

இது வடலூரில் மட்டும் நடக்கும் கூத்து என்று நினைக்க வேண்டாம். 1969-ல் மனிதன் நிலாவில் கால் வைத்ததை விண்வெளியிலிருந்து வந்த தரத்திலேயே பதிந்து வைத்திருந்த டேப்புகளை நாசா பிற்பாடு தேடியது. கிடைக்கவில்லை. டேப் பற்றாக்குறை வந்தபோது மற்றவற்றோடு சேர்த்து அவற்றையும் அழித்து மறுபடி பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று 2009-ல் அவர்களே சொன்னார்கள். நாசாவுக்கே அந்தக் கதி. நம் தொழிலிலும் அதே கணக்குதான் ஓடியது. சின்னக் கேசட் வந்த பிறகு, கல்யாணத்தை எடுத்து, எடிட் பண்ணி, வி.எச்.எஸ்.ஸிலோ டிவிடியிலோ காப்பி போட்டு வீட்டாரிடம் கொடுத்தாகிவிட்டால், மாஸ்டர் கேசட்டை அடுத்த முகூர்த்தத்துக்கு ஓட்டுவது ஸ்டூடியோக்காரர்களின் வழக்கம். ஆகவே உங்கள் கைக்கு வரும் பழைய கேசட்டில் ஒரே கல்யாணம் இருக்காது. முதல் நாற்பது நிமிடம் ஒரு வீடு, அப்புறம் நீலத்திரை, கடைசிப் பத்து நிமிடத்தில் வேறொரு வீட்டின் ஊஞ்சல் என்று கிடக்கும். முதல் இரண்டு நிமிடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவுகட்டாதீர்கள். கடைசிவரை ஓட்டிப் பாருங்கள்.

வீட்டில் நடந்தது வேறு மாதிரி. அக்காவின் கல்யாணக் கேசட்டில் தம்பி கிரிக்கெட் மேட்சைப் பதிந்த கதை இல்லாத தெரு இந்தப் பக்கம் இல்லை. வி.எச்.எஸ். கேசட்டின் முதுகில் இடது ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை ஒடித்துவிட்டால் அதன் மேல் பதிய முடியாது. நாங்கள் கல்யாணக் கேசட்டைக் கொடுக்கும்போதே ஒடித்துத்தான் கொடுப்போம். ஆனால் அந்தப் பள்ளத்தில் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பதைப் பையன்கள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். சின்னக் கேசட்டில் ஒடிக்கும் வேலை இல்லை, தள்ளும் பொத்தான்தான்: ஒரு பக்கம் ரெக், மறுபக்கம் சேவ். பழைய கேசட் கைக்கு வந்ததும் நகத்தால் அதைச் சேவ் பக்கம் தள்ளிவிடுங்கள். பிறகு கேமராவில் போடுங்கள். பிறகு பார்க்கலாம்.

இனி எடுக்கும் வேலை.

சின்னக் கேசட்டுக்குள் இருக்கும் டேப்பின் அகலம் 6.35 மில்லிமீட்டர். சாதாரண வேகத்தில், அதாவது எஸ்.பி.யில், 60 நிமிடம் ஓடும். நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் விநாடிக்கு 25 படம். ஒவ்வொரு படமும் டேப்பில் 12 சாய்ந்த தடங்களாக எழுதப்படுகிறது. விநாடிக்கு 300 தடம். ஒரு தடத்தின் அகலம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு 9000 சுற்று சுற்றும் டிரம்மில் உட்கார்ந்திருக்கும் ஹெட் இதை எழுதுகிறது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தைப்பூசத்தன்று பெருவெளியில் லட்சக்கணக்கான கால்கள் கிளப்பும் புழுதியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு துகள் உள்ளே போனாலே பல தடங்கள் ஒரே நேரத்தில் மறைந்துவிடும். படத்தில் சின்னச் சின்னச் சதுரமாக உடைந்து வருவது அதனால்தான். கேசட் மாற்ற வேண்டுமென்றால் கூட்டத்தை விட்டு ஒதுங்கி, ஒரு சுவரோரமாக நின்று, முதுகைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு மாற்றுங்கள். மூடும்போது உள்ளே இருக்கும் கேசட் அறையில் ‘புஷ்’ என்று எழுதிய இடத்தை மட்டும் அழுத்துங்கள். அது தானாக உள்ளே இறங்கி முடித்த பிறகு வெளிக்கதவைச் சாத்துங்கள். அவசரப்பட்டு அடித்துச் சாத்தியவர்களின் கேமராக்களைத்தான் இன்று நீங்கள் மலிவாக வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஹெட் அழுக்கானால் கிளீனிங் கேசட் போடலாம். பத்து விநாடி போதும். திரும்பத் திரும்ப ஓட்டினால் அழுக்கோடு ஹெட்டும் தேயும். எதையாவது நனைத்துக் குச்சியால் உள்ளே தேய்க்கும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

அடுத்தது பனி. தை மாதத்து விடியலில் வடலூரில் பனி இறங்கும். ஏ.சி. காரில் வந்து இறங்கி உடனே கேமராவைத் திறந்தால் கண்ணாடி மட்டுமா வியர்க்கும், உள்ளே டிரம்மும் வியர்க்கும். ஈர டிரம்மில் டேப் ஒட்டிக்கொண்டால் கிழிந்துதான் வெளியே வரும். நல்ல கேமராவாக இருந்தால் திரையில் நீர்த்துளி அடையாளத்தைக் காட்டி ஓட மறுக்கும். அதோடு சண்டை போடாதீர்கள். கேசட்டை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் காத்திருங்கள். விடியல் தரிசனம் வேண்டுமென்றால் முந்தின ராத்திரியே கேமரா வெளிக்காற்றுக்குப் பழகியிருக்க வேண்டும்.

கேசட்டைப் போட்டதும் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். வருஷக்கணக்கில் சும்மா கிடந்த டேப் ஒரே இறுக்கத்தில் இருக்காது. பிறகு லென்ஸ் மூடியைக் கழற்றாமலேயே முதல் ஒரு நிமிடத்தைப் பதியுங்கள். அடிக்கடி இழுபடுவதும் கசங்குவதும் டேப்பின் தொடக்கம்தான். அதில் உங்கள் முதல் காட்சியை வைக்க வேண்டாம். எல்.பி. என்று ஒரு வேகம் இருக்கிறது, அதில் 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் எடுக்கலாம். ஆசை காட்டும். எடுக்காதீர்கள். தடம் ஒல்லியாகிவிடும், ஒரு கேமராவில் எடுத்தது இன்னொரு கேமராவில் ஒழுங்காக ஓடாது. இருபது வருஷம் கழித்து உங்கள் கேமரா இருக்காது, வேறு எதிலாவதுதான் ஓட்டியாக வேண்டும்.

திரையில் ஸ்டேண்ட்பை, ரெக் என்று இரண்டு சொல் மாறி மாறி வரும். இதைப் பார்க்காமல் அழுத்திப் பழகினால் என்ன ஆகும் என்று எந்த வீடியோக்காரரையும் கேளுங்கள். எடுக்க வேண்டிய நேரமெல்லாம் ஸ்டேண்ட்பையில் நிற்கும். கையைத் தொங்கவிட்டு நடக்கும் நேரமெல்லாம் பதிவாகும். தமிழ்நாட்டில் டேப்பில் பதிவான செருப்புகளை ஒட்டவைத்தால் ஒரு முழுநீளப் படம் வரும். ஸ்டேண்ட்பையில் சில நிமிடம் விட்டால் கேமரா தானாக அணைந்துவிடும், டேப்பையும் ஹெட்டையும் காப்பாற்றத்தான். அணைந்ததைக் கவனிக்காமல் கடைசி நொடியில் அழுத்தினால் டிரம் சுழன்று தயாராக நேரம் பிடிக்கும். அதற்குள் சபையில் ஜோதியை மறைக்கும் திரை விலகி மூடிவிடும்.

ஆகவே முன்கூட்டியே ஓடவிடுங்கள். வேண்டிய காட்சிக்கு ஐந்து விநாடி முன்னால் தொடங்கி, முடிந்த பிறகும் ஐந்து விநாடி விட்டு நிறுத்துங்கள். ஒரு காட்சி குறைந்தது பத்து விநாடி நிற்கட்டும். ஜூம் கட்டையில் விரல் வைக்காதீர்கள். கல்யாண வீடியோக்காரர்கள் எல்லாரும் கெட்டுப்போனது அந்தக் கட்டையால்தான். கிட்டே வேண்டுமென்றால் கிட்டே போங்கள், போக முடியாவிட்டால் எட்டவே நில்லுங்கள். டிஜிட்டல் ஜூமை மெனுவில் அணைத்துவிடுங்கள். வேகமாகத் திருப்பினால் படத்தின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கிழியும், ஒரு படத்தை இரண்டு பாதியாகப் பிரித்து எழுதும் முறை அது.

எடுத்ததை அங்கேயே ஓட்டிப் பார்ப்பது இன்னொரு வினை. பார்த்துவிட்டு, எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் மறுபடி அழுத்தினால் இரண்டில் ஒன்று நடக்கும். முந்தின காட்சியின் வால் அழியும். அல்லது நடுவில் வெற்று இடம் விழுந்து நேரக் கணக்கு பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். பிறகு கணினியில் ஏற்றும்போது அந்த இடத்தில் நின்றுபோகும். பல கேமராக்களில் ‘எண்ட் சர்ச்’ என்று ஒரு பொத்தான் உண்டு, கடைசியாகப் பதிந்த இடத்துக்கு அதுவே போய் நிற்கும். பார்த்தே ஆக வேண்டுமென்றால் பார்த்தபின் அதை அழுத்துங்கள். என்னைக் கேட்டால் அன்றைக்குப் பார்க்கவே வேண்டாம். வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். திரையின் மூலையில் தேதி வருவது உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்திருந்தால் அந்தத் தேதி பொய் சொல்லும். பழைய அனலாக் கேமராக்களில் தேதி படத்தோடு சேர்ந்தே பதிந்துவிடும், பிறகு எடுக்க முடியாது. 1990-களின் தேதி போட்டு நேற்றைய கூட்டத்தைக் காட்டுவது உங்களுக்கு விளையாட்டாக இருக்கலாம். ஐம்பது வருஷம் கழித்துப் பார்ப்பவருக்கு அது விளையாட்டு என்று யார் சொல்வது?

இப்போது தைப்பூசத்துக்கு வருவோம். 1872 ஜனவரி 25, தைப்பூசம், வள்ளலார் சத்திய ஞான சபையைத் தொடங்கிய நாள். ஒவ்வொரு தைப்பூசத்திலும் ஏழு திரை விலக்கி ஜோதி காட்டுகிறார்கள். காலை 6, 10, பகல் 1, இரவு 7, 10, மறுநாள் விடியல் 5.30. ஆறு காலம். உங்களிடம் இருப்பது 60 நிமிடக் கேசட் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்துக்கு எட்டு நிமிடம், மொத்தம் 48. மிச்சம் 12 நிமிடத்தில் அன்னதானம் நடக்கும் தருமசாலையும் பெருவெளியும். போனில் எடுப்பவர் இந்தக் கணக்கைப் போடவே மாட்டார். டேப்பில் எடுப்பவர் ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் போட்டாக வேண்டும். டேப்பின் நிறத்தைவிட இந்தக் கஞ்சத்தனத்துக்காகத்தான் நான் உங்களை ஆதரிக்கிறேன்.

சபைக்குள்ளே கேமராவைத் தூக்காதீர்கள். வெளியிலிருந்து ஜோதியை எடுக்கவும் முயல வேண்டாம் என்பேன். கேமராவுக்கு அது இருட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். ஆட்டோ எக்ஸ்போஷர் ஒருதரம் இருட்டைப் பார்த்துத் திறக்கும், மறுதரம் வெளிச்சத்தைப் பார்த்து மூடும், படம் மூச்சுவாங்கும். வள்ளலாரைப் படம்பிடிக்கச் சென்னையிலிருந்து வந்த புகைப்படக்காரர் பலமுறை முயன்றும் வெள்ளாடை மட்டுமே விழுந்ததாகச் சன்மார்க்கத்தார் சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எடுக்கிறவனுக்கு அதில் பிழைப்புக்கான புத்தி இருக்கிறது: கேமராவைத் திருப்பி வையுங்கள். திரை விலகும் நேரத்தில் கூட்டம் சபையைப் பார்க்கும், நீங்கள் கூட்டத்தைப் பாருங்கள்.

அந்தக் கூட்டம் முக்கால்வாசி வெள்ளை உடுத்தியிருக்கும். பகல் ஒரு மணி வெயிலில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேலை, வெள்ளை முக்காடு. டேப் கேமராவுக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. ஆட்டோவில் விட்டால் ஒன்று முகம் கரியாகும், இல்லை துணி வெந்துவிடும். எக்ஸ்போஷரைக் கையில் எடுத்து, வேட்டியின் மடிப்பு தெரிகிற வரைக்கும் இறக்குங்கள். முகம் கொஞ்சம் கறுத்தாலும் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், வெந்துபோன வெள்ளையில் ஏற்றவோ இறக்கவோ எதுவுமில்லை. நல்லதும் ஒன்று உண்டு. ஒயிட் பேலன்ஸ் பார்க்க எங்கள் காலத்தில் வெள்ளை அட்டையைத் தேடி அலைவோம். இங்கே எந்தப் பெரியவரின் முதுகையும் காட்டி நிறத்தைப் பூட்டலாம். ராத்திரிக் காலங்களில் ஒரு பக்கம் மஞ்சள் விளக்கு, ஒரு பக்கம் எல்.இ.டி. என்று இருக்கும், இடம் மாறினால் மறுபடி பூட்டுங்கள். ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கில் வையுங்கள், நம் கரண்டுக்கு அதுதான் ஒத்துப்போகும், விளக்குகள் துடிக்காது. நைட்ஷாட் பக்கம் போகாதீர்கள். அது பச்சை. ஜோதி தரிசனத்துக்கு வந்த பாட்டி பேய்ப்படத்தில் வருவது மாதிரி தெரிவாள்.

சத்தத்தைப் படத்தைவிடக் கவனியுங்கள் என்று சொன்னால் நீங்கள் கேட்க மாட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன். பழைய கேசட்டுகளைப் போட்டுப் பார்க்கும்போது வீட்டார் அழுவது முகத்தைக் கண்டு அல்ல, போய்விட்டவர்களின் குரல் கேட்கும்போதுதான். பல கேமராக்கள் 12 பிட்டில் நின்றிருக்கும்; மெனுவில் 16 பிட்டுக்கு மாற்றுங்கள். குழாய் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். கேமரா தானாகவே சத்தத்தை அடக்கும், அடக்கினால் பக்கத்தில் மகாமந்திரம் சொல்லும் கிழவரின் குரல் மூழ்கிப்போகும். ஸ்பீக்கர் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். காதில் இயர்போன் இருக்கட்டும். நல்ல அமைதியில் கேமராவின் மோட்டார் சத்தமே மைக்கில் ஏறும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. பெருவெளியில் அந்தக் கவலை இல்லை.

தருமசாலையில் கேட்டுவிட்டு எடுங்கள். 1867 மே 23-ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அந்த அடுப்பையும், அண்டாவையும், வாரிப் போடும் கைகளையும் எடுங்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் முகத்துக்குக் கிட்டே போகாதீர்கள். பசிக்கு வந்தவருக்குக் கேமரா காட்டக் கூடாது. மூன்றாம் நாள் பல்லக்கு கருங்குழி வழியாக மேட்டுக்குப்பம் சித்திவளாகத்துக்குப் போகும். தைப்பூசம் முடிந்தது என்று எல்லாரும் ஊர் திரும்பியிருப்பார்கள். ஒரு கேசட் அதற்கென்று வைத்திருந்தால் நீங்கள் கெட்டிக்காரர். கூட்டம் கொஞ்சம், வெளிச்சம் நல்லது, சாலையோரத்தில் ஊர்க்காரர்களே நிற்பார்கள்.

எடுத்து முடித்ததும் பொத்தானைச் சேவ் பக்கம் தள்ளுங்கள். பேனாவை எடுத்துக் கேசட்டின் மேலேயே தேதி, இடம், எடுத்தவர் பெயர் எழுதுங்கள். டப்பாவில் எழுதினால் டப்பா மாறிப்போகும். முழுக்கச் சுற்றி, நிமிர்த்தி வையுங்கள், படுக்கப்போட வேண்டாம். டிவி, ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம்.

கணினியில் ஏற்ற ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி இல்லை. ஃபயர்வயர் வாசல் இருக்கும் பழைய கணினியைத் தேடிப் பிடியுங்கள். இப்போதைய மடிக்கணினிகளில் அது இல்லை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைச் செருகி எடுத்தாலும் படம் வரும், ஆனால் டேப்பில் எண்ணாக எழுதியிருப்பதை அலையாக்கி மறுபடி எண்ணாக்குவீர்கள். ஃபயர்வயரில் எழுதியது எழுதியபடி வரும், மணிக்கு 13 ஜிபி அளவில். அந்தக் கோப்பை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சுருக்குவது, கோடு எடுப்பது, அலங்கரிப்பது எல்லாம் காப்பியில்.

இதெல்லாம் உங்கள் கேசட்டுக்கு. நான் கேட்பது மற்றவர்களின் கேசட்டுக்கும் சேர்த்து.

1980-களின் கடைசியிலிருந்து இந்தப் பக்கத்தில் வீடியோ எடுக்காத கல்யாணம் குறைவு. தோளில் ஏற்றும் பானசோனிக் வி.எச்.எஸ். கேமரா, பின்னாலேயே வயரை இழுத்துக்கொண்டு வரும் லைட் பாய், மாப்பிள்ளை முகம் வேகும்படியாக ஒரு ஹாலோஜன் விளக்கு. தெருவுக்கு ஒரு கேசட் கடை. 1990-ல் கலாநிதி மாறன் ‘பூமாலை’ என்று மாதாமாதம் ஒரு செய்திப் பத்திரிகையையே வீடியோ கேசட்டில் கொண்டுவந்தார், சன் டிவி பிறக்கும் முன்பு. அந்த அளவுக்குக் கேசட் வீட்டுச் சாமானாகிவிட்டது. வீட்டுக் கேமராவில் என்னவெல்லாம் விழும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். அதே காலையில் இந்தோனேசியாவின் பந்தா ஆச்சேயில் உறவினர் கல்யாணத்துக்கு வந்திருந்த ஒரு பெண் கையிலிருந்த கேமராவில் எடுத்ததுதான், ஊருக்குள் தண்ணீர் எப்படி நுழைந்தது என்று உலகத்துக்கே காட்டியது. கல்யாணத்துக்கு எடுத்துவந்த கேமரா, வேறொன்றுக்குச் சாட்சியானது.

நம் கேசட்டுகளிலும் அப்படி எவ்வளவோ சாட்சி தற்செயலாக விழுந்திருக்கிறது. மாப்பிள்ளை அழைப்பு போகும் வழியில் பழைய வடலூர் நாலுமுனை. பெண் வீட்டார் வேனில் இறங்கும்போது பின்னால் பெருவெளி. பார்வதிபுரத்து மக்கள் வள்ளலாருக்குக் கொடுத்த 80 காணி நிலத்தில் அந்த வெட்டவெளி அமைந்தது. அங்கே சர்வதேச மையம் கட்ட 2024-ல் வேலை தொடங்கியபோது பார்வதிபுரத்தார் எதிர்த்தார்கள், விஷயம் உயர்நீதிமன்றம் வரை போனது. அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று நான் இந்தக் கடிதத்தில் வாதாட வரவில்லை. தைப்பூசத்துக் கூட்டம் எதுவரை நின்றது, கடைகள் எங்கே போட்டார்கள், வண்டி எங்கே நின்றது என்று ஆளுக்கொரு கதை பேசும்போது, பழைய கேசட்டைப் போட்டால் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. எந்தக் கேசட்? யார் வீட்டில்? அதன் மேல் இப்போது என்ன இருக்கிறது?

காலமும் நமக்குச் சாதகமாக இல்லை. ஒளி, ஒலி ஆவணக் காப்பாளர்களின் உலகச் சங்கத்தோடு சேர்ந்து யுனெஸ்கோ 2019-ல் எச்சரித்தது: உலகத்தில் எங்கும் டேப் ஓட்டும் கருவிகளும் உதிரிகளும் தீர்ந்துகொண்டிருக்கின்றன, 2025 வாக்கில் வழக்கமான முறையில் டேப்பை ஓட்டுவதே நின்றுபோகலாம் என்று. வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016-லேயே நிறுத்திவிட்டது. கடலூர் மாவட்டத்துக்கு இன்னும் கூடுதல் சோதனை. 2011-ல் தானே புயல், 2015-ல் வெள்ளம், எல்லா வருஷமும் கடல்காற்று. பரண் மேல் கிடக்கும் கேசட்டை எடுத்து அதன் ஜன்னல் வழியாகப் பாருங்கள், சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி மாதிரி தெரிந்தால் பூஞ்சை. அதைக் கேமராவில் போடாதீர்கள், டெக்கிலும் போடாதீர்கள். அந்த டேப் கிழிவதோடு நிற்காது, ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். பாலித்தீன் பையில் கட்டித் தனியாக வைத்துவிட்டு, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஆகவே கேட்டுக்கொள்வது இதுதான். பழைய கேசட் மொத்தமாக வாங்கினால், எழுதும் முன் ஓட்டிப் பாருங்கள். ஆட்கள் இருந்தால், அதைக் கணினியில் ஏற்றிவிட்டு, அந்த வீட்டைக் கண்டுபிடிக்கப் பாருங்கள். வடலூர், குறிஞ்சிப்பாடி, சேத்தியாத்தோப்பு பக்கம் என்றால் அப்படியொன்றும் கஷ்டமில்லை. வரவேற்புப் பலகையில் ஊரும் பெயரும் இருக்கும், கல்யாண மண்டபத்தை நாங்கள் பார்த்ததும் சொல்லிவிடுவோம், மிக்ஸிங் டிசைனைப் பார்த்தே எந்த ஊர் ஆள் எடுத்தது என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிடைக்காவிட்டாலும் கோப்பை அழிக்காதீர்கள். அடுத்தவர் வீட்டு விசேஷத்தை இணையத்தில் போட்டுச் சிரிக்காதீர்கள். அந்தக் கேசட்டின் மேல் பதிந்தே ஆக வேண்டுமா என்று ஒருதரம் யோசியுங்கள். வேண்டும் என்றால் ஏற்றிய கோப்பு ஒழுங்காக ஓடுகிறதா என்று முழுசாகப் பார்த்துவிட்டுப் பதியுங்கள்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் நான் வீட்டில்தான் இருப்பேன். டெக் இரண்டு இருக்கிறது, வி.எச்.எஸ்.ஸும் சின்னக் கேசட்டும் ஓடும். எட்டு மில்லிமீட்டர் ஹேண்டிகேம் ஒன்றும் ஓடுகிற நிலையில் இருக்கிறது. ஃபயர்வயர் கார்டு செருகிய ஒரு பழைய கம்ப்யூட்டரை மருமகன் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறான். கேசட்டையும், கோப்பை எடுத்துப்போக ஒரு ஹார்ட் டிஸ்கையும் கொண்டுவாருங்கள். காசு வேண்டாம். பீட்டாமேக்ஸ் மட்டும் கொண்டுவராதீர்கள், அதை ஓட்ட என்னிடம் ஒன்றுமில்லை.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பழைய வீடியோக்காரன்,
வடலூர்.